கதவு வைக்க மறந்த அறை

பையை மடில வெச்சுக்கறேனுங்க, நீங்க தாராளமா உக்காருங்க. ஜன்னலோரம் வேணும்னாலும் சொல்லுங்க, மாறிக்கலாம். எனக்கு எந்தப் பக்கம் உக்காந்தாலும் ஒண்ணுதான், கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தாச் சரி. நீங்களும் கோயமுத்தூருங்களா? சிங்காநல்லூர்லயே எறங்கிருவீங்களா? நானும் அங்கதானுங்க. எறங்கி ஒரு ஆட்டோ புடிச்சு, கொழுந்தியா ஊட்டுக்குப் போயி, எங்கூட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு மத்தியான வண்டிக்கே திரும்பிரோணும். நாளைக்குக் காலைல டாக்டர் ஒருத்தரு கடைக்கு வர்றாரு. அவரு ஊட்டு சமையலறைப் படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

கோவிச்சுட்டுப் போயிட்டாளான்னு பாக்கறீங்களா? ஐயய்ய, அதெல்லாம் இல்லீங்க. எங்களுக்குள்ள சண்டைன்னு ஒண்ணு வந்ததே கிடையாது. பதினாலு வருசமாச்சு, எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்ல தமயந்தி. நான் சொல்லுவேன், அவ கேட்டுக்குவா. பரிட்சைக்குத்தான் கோயமுத்தூர் வந்தா. பரிட்சைல சின்னதா ஒரு தப்பு. அதைத் திருத்தறதுக்கு ரெண்டு நாள் தங்கச்சி ஊட்டுல தங்கறேன்னா. அந்த ரெண்டு நாளு இன்னைக்கு ஒம்பது நாளாயிருச்சு. அவ்வளவுதான் விசயம்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. கரூர்ல மாடுலர் கிச்சன் கடை வெச்சிருக்கேன். சமையலறை அலமாரி, ட்ராயரு, எல்லாம் அளவெடுத்துச் செஞ்சு கொண்டுபோய் மாட்டிக் குடுக்கறது. முன்னாடியெல்லாம் சனங்க பலகையைத் தட்டிப் பாப்பாங்க, தடவிப் பாப்பாங்க. இப்ப யாருங்க தட்டறாங்க? படம் காட்டுங்கறாங்க. செய்யறதுக்கு முன்னாடியே செஞ்சு முடிச்ச மாதிரி கம்ப்யூட்டர் படம் வேணும். அடுப்பு மேல பாத்திரம், பக்கத்துல ரெண்டு எலுமிச்சம்பழம், ஜன்னல் வழியா வெயிலு. எலுமிச்சம்பழம் இல்லீன்னா ஆர்டரே வராதுங்க, சத்தியமாச் சொல்றேன்.

அந்தப் படத்தை வரைய ஒருத்தன் இருந்தான் கோயமுத்தூர்ல. நாளைக்குத் தர்றேம்பான், நாலு நாள் போனை எடுக்க மாட்டான். நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். அப்பறம் ஒரு நாள் சோறு திங்கறப்பத்தான் தோணுச்சு. ஊட்டுலயே ஒருத்தி கணக்குல டிகிரி முடிச்சுட்டு சும்மா இருக்கறா. பையன் நாமக்கல்ல ஹாஸ்டல்ல படிக்கறான். இவளை இன்டீரியர் டிசைன் படிக்க வெச்சா என்ன? கரூர்லயே ஒரு இன்ஸ்டிட்யூட்டு, எட்டு மாசப் படிப்பு. 'என்ன தமயந்தி, போறயா?'ன்னு கேட்டேன். கையில கரண்டியோட அப்படியே நின்னுட்டா. அந்த மூஞ்சில அப்படி ஒரு வெளிச்சத்தைக் கண்ணாலத்தன்னைக்குக் கூட நான் பாக்கலீங்க.

நானேதான் வண்டில கொண்டுபோய் விடுவேன். விட்டுட்டு வந்துருவேன்னு நினைக்காதீங்க, கூடவே உக்காந்திருப்பேன். எல்லாம் பதினெட்டு, பத்தொம்பது வயசுக் குருவிக, இவ ஒருத்தி முப்பத்தாறு. தொணைக்கு ஆள் வேணுமல்லங்க? பின்னாடி பெஞ்சுல நான். சொல்லிக் குடுக்கற பொண்ணு, ஷர்மிளா மேடம்னு பேரு, ஒரு நாளு மெதுவா வந்து, 'சார், நீங்க வெளிய வெயிட் பண்ணலாமே'ன்னாங்க. 'பரவால்ல மேடம், நானும் ரெண்டு விசயம் தெரிஞ்சுக்கறேன்'னுட்டேன். கடைய ஆளுங்க பாத்துக்கிட்டாங்க. பொண்டாட்டி படிப்புக்காக எட்டு மாசம் பெஞ்சு தேச்ச புருசன் கரூர் ஜில்லாவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

மொத வாரம் ஒரு கூத்துங்க. ஏழடி அலமாரி வரையச் சொன்னாங்க. இவ மில்லிமீட்டர்னு வெக்க வேண்டியதை அங்குலம்னு வெச்சுட்டு ரெண்டாயிரத்தி நூறுன்னு அடிச்சுட்டா. நூத்தி எழுவத்தஞ்சு அடிக்கு நிக்குது அலமாரி! நான் பின்னாடியிருந்து, 'அம்மிணி, மேல இருக்கற சீரக டப்பாவ எடுக்க ஏணி பத்தாதே'ன்னேன். கிளாசே சிரிச்சுது. அவளும் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சா. அதுக்கப்பறம் எதை அடிச்சாலும் ஒருக்காத் திரும்பி என்னைப் பாத்துட்டுத்தான் அடிப்பா. நல்லதுதானுங்க, ஒரு கவனம் வந்துருச்சு.

ஆனா வெகு சீக்கிரம் புடிச்சுக்கிட்டா. ஒரு கோட்டைப் போட்டு, அதை மேல இழுத்தா சுவரு. சுவத்துல ஒரு சதுரத்தைக் குத்தி அக்கட்ட தள்ளுனா ஜன்னலு. அப்பறம் மரமா, கல்லா, துணியான்னு ஒட்டறது. கடைசில ரெண்டர் போடறதும்பாங்க, சோறு வேகற மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே விட்டுட்டா படம் வெந்து வந்துரும். அதுல கேமரான்னு ஒண்ணு இருக்குது பாருங்க, அதுக்குச் சுவரே கிடையாது. மவுஸை உருட்டுனா சுவத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போயிரும், கூரை வழியா உள்ள எறங்கும். நாம ஊருக்குள்ள அப்படிப் போக முடியுங்களா?

அப்பறம் வெயிலு. ஊரு பேரு, தேதி, மணி மூணும் குடுத்தாப் போதும், அந்த நேரத்து வெயிலு அந்த ஜன்னல்ல எப்படி விழுகுமோ அப்படியே விழுகும். அது தெரிஞ்ச அன்னைக்கு இவளுக்குப் பைத்தியமே புடிச்சுருச்சு. காலைல ஏழு மணி வெப்பா, எட்டு வெப்பா, சாயந்தரம் நாலு வெப்பா. தரைல வெயிலு நகர்றதையே பாத்துட்டு உக்காந்திருப்பா. நான்தான், 'வெயிலையா நாம விக்கறோம்? அலமாரியப் போடு'ன்னு சொல்லுவேன். போட்டுருவா, பாவம்.

மூணாவது மாசத்துல இருந்தே கடைக்குப் படம் போட ஆரம்பிச்சுட்டா. கடைக்குப் பின்னாடி ஒரு ரூமு, அதுல புது கம்ப்யூட்டரு. நான் பக்கத்துல நின்னு திரைல வெரலை வெச்சுக் காட்டுவேன். இங்க ஒரு ட்ராயரு, இங்க கண்ணாடி, இங்க கிரே கலரு. என்ற வெரல் ரேகை பதியுதுன்னு ஒரு துணி வெச்சுத் தொடைச்சுக்கிட்டே இருப்பா. ஒருக்கா ஒரு டீச்சரம்மா ஊட்டுக்கு, மாங்காக் கலர்ல ஒரு சமையலறை பண்ணியிருந்தா. அந்தம்மா பாத்ததும், 'இதேதான் வேணும்'னுட்டாங்க. நான் மாத்தி கிரே போடச் சொன்னேன். ஸ்டாக்குல கிரேதானுங்க இருந்துது. இவ மாத்திட்டா. படத்து மூலைல சின்னதா அவ பேரைப் போட்டுக்கட்டுமான்னு ஒரு நாள் கேட்டா. 'கடை பேருக்குள்ளயே நீயும் இருக்கயே, தனியா எதுக்கு?'ன்னேன். அதுவும் சரின்னுட்டா.

மத்தியானத்துல ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு நான் சைட்டுக்குப் போறப்ப ஷட்டரை இறக்கிப் பூட்டிட்டுப் போவேனுங்க. தனியா இருக்கற பொம்பளை. காதுல வேற பாட்டு மாட்டிக்குவா, எவன் உள்ள வந்தாலும் தெரியாது. உள்ள எல்லாம் இருக்குது, ஃபேன் இருக்குது, தண்ணி இருக்குது, பாத்ரூம் இருக்குது. ஒரு நாள் வெள்ளியணைல வேலை இழுத்துருச்சு. நான் திரும்பறப்ப மணி ஆறு. மூணு மணிக்கே கரண்டு போயிருச்சாம். ஷட்டரைத் தூக்கி உள்ள போனா, இருட்டுல நாக்காலில அப்படியே உக்காந்திருக்கறா. மேலெல்லாம் வேர்த்து நனைஞ்சு கிடக்குது. 'கூப்பிட்டிருக்கலாமல்ல?'ன்னேன். 'போன்ல சார்ஜ் இல்லீங்க'ன்னா. எனக்கு மனசு கேக்கல. மறுநாளே யுபிஎஸ் வாங்கி மாட்டிட்டேன். இப்பக் கரண்டு போனாலும் ரெண்டு மணி நேரம் படம் போடலாம்.

காங்கயம் தாண்டிருச்சுங்களா? நல்லாத்தான் ஓட்டறான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆமா, பரிட்சை. கடைசி மாசம் ஒவ்வொருத்தரும் தனியா ஒரு வேலை பண்ணிக் காட்டோணும். தெரிஞ்சவங்க யாராச்சும் ஒருத்தருக்கு ஒரு அறை. ஒருத்தி தாத்தாவுக்குப் பண்றா, ஒருத்தன் கூட்டாளிக்கு ஜிம்மு பண்றான். 'நீ எனக்கு சமையலறையா பண்ணிரு, கடைல பெருசா பிரிண்ட் எடுத்து மாட்டிக்கலாம்'னேன். அப்பத்தான் மொத மொதல்ல மாட்டேன்னு தலையை ஆட்டுனாளுங்க. 'இது ஒண்ணை எனக்கு நானே பண்ணிக்கறேனே'ன்னா. சரி, ஒரு மாசந்தானே, போகட்டும்னு விட்டுட்டேன். காலைல நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி, இன்ஸ்டிட்யூட்டுல குடுத்த லேப்டாப்புல உக்காந்து பண்ணுவா. நான் எட்டிக் கூடப் பாக்கல. பாத்திருந்தா அன்னைக்கே கண்டுபுடிச்சிருப்பேன், இத்தனை ரோதனை வந்திருக்காது.

அதைக் கோயமுத்தூர் மெயின் ஆபீசுல வெச்சுக் காட்டோணும். வெளியில இருந்து பெரிய ஆளைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுவாங்க. மனோன்மணி மேடம்னு ஒரு ஆர்க்கிடெக்டு, தலை நரைச்சவங்க, பேச்சு கறாரா இருக்கும். நானும் போயிருந்தேன், வழக்கம்போலப் பின்னாடி. இவ பேரைக் கூப்பிட்டாங்க. திரைல ஒண்ணொண்ணா பன்னெண்டு படம். அத்தனையும் ஒரே அறைங்க. பத்துக்குப் பதினொண்ணு இருக்கும். ஒரு கட்டிலு, ஒரு மேசை, நாக்காலி, கொஞ்சம் புஸ்தகம். ஒரு ஜன்னலு. எலுமிச்சம்பழமெல்லாம் ஒண்ணும் இல்ல. காலை வெயிலு கட்டில் மேல கிடக்குது, அடுத்த படத்துல மேசை மேல, அதுக்கடுத்ததுல தரைல. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. நானும் எத்தனையோ படம் பாத்திருக்கேன், அதுக்குள்ள போய்க் கொஞ்ச நேரம் உக்காரலாம்னு தோணுனது அது ஒண்ணுதான்.

அப்பத்தான் அந்த மேடம் கேட்டாங்க. 'அழகா இருக்கும்மா. இதுக்குள்ள எப்படிப் போறது?'

இவளுக்குப் புரியல. படத்தை முன்னாடி தள்ளறா, பின்னாடி தள்ளறா. நாலு சுவரும் வந்து வந்து போகுது. கதவைக் காணோம்! வெக்கவே மறந்துட்டாளுங்க. ஷர்மிளா மேடம் சொல்லிட்டேதான் இருப்பாங்க, கேமரா சுவத்துக்குள்ள பூந்து போறதால படிக்கறவங்க எல்லாரும் ஒரு தடவையாச்சும் இந்தத் தப்பைப் பண்ணுவாங்கன்னு. புள்ளைங்க குசுகுசுன்னு சிரிச்சுதுக. இவ மவுஸைப் புடிச்சுக்கிட்டே நிக்கறா. சரி, நாமதான் சமாளிச்சு விடோணும்னு நான் எந்திரிச்சு, 'அவளுக்கு வெளிய போற சோலியே இல்லீங்க மேடம், அதான் வெக்கல'ன்னேன்.

நல்ல தமாசுதானுங்களே? ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சிட்டிருந்த புள்ளைங்களும் நிறுத்திருச்சுக. அந்த மேடம் கண்ணாடிய இறக்கி என்னைப் பாத்தாங்க. 'இவர் யாரு?'ன்னாங்க. இவ என்னைத் திரும்பிப் பாக்காமயே, 'என்ற ஊட்டுக்காரருங்க'ன்னா. 'நீங்க கொஞ்சம் வெளிய இருங்க'ன்னாங்க. எட்டு மாசம் கூடவே உக்காந்தவனை, எல்லார்த்து முன்னாடியும்! பொக்குனு போச்சு எனக்கு. வெளிய செருப்புக் கிடக்கற இடத்துல அரை மணி நேரம் நின்னேன். இவ வெளிய வந்தா, கண்ணெல்லாம் செவந்திருக்குது. 'திருத்திக் குடுக்கச் சொல்லியிருக்காங்க, தங்கச்சி ஊட்டுல ரெண்டு நாள் இருந்து முடிச்சுட்டு வந்தர்றேனுங்க'ன்னா. சரின்னு நான் மட்டும் பஸ் ஏறிட்டேன்.

கதவு வெக்கறது ரெண்டு நிமிச வேலைங்க. ஆயிரம் கதவு அதுலயே ரெடியா கிடக்கும், இழுத்து விட்டாச் சரி. மூணாவது நாள் போன் பண்ணிக் கேட்டா, 'எந்தச் சுவத்துல வெக்கறதுன்னு யோசிச்சிட்டிருக்கேனுங்க'ங்கறா. அஞ்சாவது நாள், 'மேடம் அவங்க ஆபீசுலயே ஒரு மேசை குடுத்திருக்காங்க, அங்க உக்காந்து பண்றேன்'ங்கறா. ஏழாவது நாள், 'மேடம் வேலைக்கு வர்றயான்னு கேக்கறாங்க'ன்னா. 'நம்ம கடை?'ன்னேன். 'கரண்டு கிரண்டு போச்சா?'ன்னு கேக்கறா. 'இல்ல'ன்னேன். வெச்சுட்டா.

ஒம்பது ஊட்டுக்காரங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேனுங்க. படம் இல்லாம ஒரு பலகைய அறுக்க முடியாது. எட்டு மாசம் பின்னாடி உக்காந்தேனே, நேத்து நானே போட்டுப் பாக்கலாம்னு கடைக்குப் பின்னாடி அந்த ரூமுல போய் உக்காந்தேன். ஒரு கோடு நேரா வரல. எதையோ அமுக்குனேன், இருந்ததும் போச்சு. அவ நாக்காலிலயே உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல எனக்கு மூச்சு முட்டற மாதிரி ஆயிருச்சுங்க. அப்பத்தான் நிமிந்து பாக்கறேன், அந்த ரூமுக்கு ஜன்னலே இல்ல. கட்டுன நாள்ல இருந்து போறேன் வர்றேன், நான் அதைக் கவனிச்சதே இல்ல. எந்திரிச்சு வெளிய ரோட்டுக்கு வந்துட்டேன். ராவெல்லாம் அதே நினைப்பு. அதனால ஒரு முடிவோடதான் போறேனுங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு மாட்டித் தர்றேன்னு சொல்லப்போறேன். பெருசாவே மாட்டலாம். வந்துருவா.

இருங்க, போன் அடிக்குது. இல்ல, மெசேஜு. அவதானுங்க! படம் அனுப்பியிருக்கா. சூலூர் தாண்டறதுக்குள்ள வந்துருச்சு பாருங்க, நான் வர்றேன்னு கொழுந்தியா சொல்லியிருப்பா. பாருங்க, நீங்களே பாருங்க. வெச்சுட்டா கதவை! முடிஞ்சுது வேலை. நான் சொன்னனல்ல, அவ அப்படியெல்லாம் விடறவ இல்ல.

நல்லா இருக்குதுங்களே. கீலெல்லாம் சரியா இருக்குது, மூணு கீலு. பலகை தேக்கு. இது உள்ளயிருந்து பாக்கற படம், தாழ்ப்பாள் இருக்குது. இது வெளியில இருந்து. இதுல... இருங்க, பெருசு பண்றேன். வெளிப்பக்கம் ஒண்ணுமே இல்லையே. கொண்டி இல்ல. பூட்டு இல்ல. சாவி ஓட்டை கூட இல்லீங்க. மொட்டையா நிக்குது. அட, மறுக்கா மறந்துட்டா! இதைக் கொண்டுபோய்க் குடுத்தா அந்தம்மா மறுபடியும் எல்லார்த்து முன்னாடியும் கேப்பாங்களே. இருபது வருசமா கதவு மாட்டறவன் நானு, எனக்குத் தெரியாதுங்களா? இருங்க, போட்டுச் சொல்லிர்றேன். வண்டி சத்தத்துல கேக்காது, ஸ்பீக்கர்ல போடறேன், தப்பா நினைக்காதீங்க.

அலோ, தமயந்தி. ஆமா, பாத்தேன் பாத்தேன். நல்லா இருக்குது. இத பாரு, வெளிப்பக்கம் கொண்டி வெக்க மறந்துட்ட. வெளிய இருந்து எப்படிப் பூட்டறது?

'அது மறந்ததில்லீங்க.'

என்னது?

'மறந்ததில்லீங்க. மேடத்துக்கிட்டக் குடுத்துட்டேன், அவங்களும் சரின்னுட்டாங்க. பஸ்ல வர்றீங்களாமா?'

ஆமா, சூலூர்ல இருக்கேன். துணிய எடுத்து வெய்யி, நான் வந்ததும்...

'வாங்க. வெயில்ல வர்றீங்க, பாத்து வாங்க. அரிசிம் பருப்பு சோறு பண்ணி வெக்கறேன். நிதானமாச் சாப்பிட்டுட்டுப் போங்க.'

அலோ? தமயந்தி? அலோ?

வெச்சுட்டாளுங்க.

நீங்களும் கேட்டீங்கல்ல? ஊட்டுக்கு விருந்து வந்த ஒரம்பரைக்குச் சொல்ற மாதிரி சொல்றா. பதினாலு வருசத்துல அவ என்கிட்ட இப்படிப் பேசுனதே இல்லீங்க. கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. சாப்பிட்டுட்டுப் போங்கங்கறா. திட்டியிருந்தாக் கூட நாலு வார்த்தை பதிலுக்குப் பேசி இழுத்துட்டு வந்துருவேன்.

சிங்காநல்லூர் வந்துருச்சுங்க. நீங்க எறங்குங்க, பின்னாடியே வர்றேன். சார், ஒரு நிமிசம். உங்களுக்கு ரொம்ப அவசரங்களா? எறங்குன பக்கத்துலயே ஒரு டீக்கடை இருக்குது. ஒரு டீ குடிக்கற நேரம் கூட இருந்தீங்கன்னாப் போதும். இப்படியே நேரா அங்க போக எனக்குப் பயமா இருக்குதுங்க.